பிள்ளையார் சுழிக்கு வந்த ஆபத்து

பொன்வயல் நாட்டை ஆண்ட உத்தமசீல மகாராஜாவின் சபையில் ஆபத்சகாயம் என்றொரு சாமர்த்தியசாலி இருந்தார். சாமர்த்தியசாலி என்று ஊர் சொன்னது. அவர் மனைவி அகிலாண்டம் வேறு மாதிரி சொல்வாள். அவருடைய மூளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் நாக்கு வீதிக்குப் போய்விடும் என்பது அவள் கட்சி. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்று ஆபத்சகாயமே ஒப்புக்கொண்ட கதை இது.

ஒருநாள் ராஜாவுக்குப் பொழுது போகவில்லை. "ஆபத்சகாயம், என் பெயரின் முதல் எழுத்தைப் பற்றி ஏதாவது சொல்லும்" என்றார்.

வேறு யாராவதாக இருந்தால், "நல்ல எழுத்து மகாராஜா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். நம்மவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உகரத்துக்கு ஈடு உண்டா, மகாராஜா? ஓலையில் எதை எழுதினாலும் முதலில் 'உ' என்று பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். தமிழ் எண்ணில் அதுவே இரண்டு. முதலாவது கடவுள், இரண்டாவது தாங்கள்! பேச்சு வராத குழந்தைகூட உதட்டைக் குவித்து 'உ' என்கிறது. மாட்டுக்குச் சூடு போட்டாலும் 'உ', நெல் அளக்கும் மரக்காலில் முத்திரை குத்தினாலும் 'உ'. தங்கள் எழுத்து இல்லாத வீடே இந்த நாட்டில் இல்லை!"

சபை ஆரவாரம் செய்தது. ஆபத்சகாயம் பூரித்துப்போய் உட்கார்ந்தார். ராஜா எழுந்தார்.

"என் எழுத்தை என்னைக் கேட்காமலேயே எல்லாரும் போட்டுக்கொள்கிறார்களா? இன்று முதல் 'உ' போட்ட பொருள் எல்லாம் எனக்கே சொந்தம்!"

ஊரெங்கும் பறை சாற்றினார்கள். மாடுகள், மரக்கால்கள், ஜாதகங்கள், வைத்தியர்களின் சுவடிகள் எல்லாம் வண்டி வண்டியாக அரண்மனைக்குப் போயின. ஆபத்சகாயம் வீதியில் நடந்தால் மாட்டைப் பறிகொடுத்தவர்கள் முறைத்தார்கள். அவர் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள் காவலர்கள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர் மகள் சௌந்தரவல்லியின் கல்யாண ஓலையை எடுத்துக்கொண்டு போனார்கள். முகூர்த்தத்துக்கு ஐந்தே நாள்தான் இருந்தது.

பொன்வயல் நாட்டில் ஒரு வழக்கம். கல்யாண ஓலை எந்த வீட்டில் இருக்கிறதோ அதுதான் பெண் வீடு. மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் வந்து இறங்குவார்கள். அந்த வீட்டுக்காரர்தான் எதிர்கொண்டு அழைத்து, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, விருந்து போட வேண்டும். ஓலை இல்லாத வீட்டு வாசலை மிதிக்கக்கூட மாட்டார்கள்.

"ஊர்ல எத்தனை எழுத்து இருக்கு! போயும் போயும் பிள்ளையார் சுழியைத் தூக்கி ராஜா கையில குடுத்துட்டு வந்தீங்களே!" என்று அகிலாண்டம் தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் நின்னு போனா என் பொண்ணை யார் கட்டிப்பா?"

வல்லி கல்யாணப் புடவையை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

"ஆபத்துக்கு நான் செய்யும் சகாயம் எப்படிப்பட்டது என்று என் தகப்பனாருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்" என்று தன்னையே நொந்துகொண்டு அவர் அரண்மனைக்குப் போனார்.

"மகாராஜா, அந்த ஓலை..."

"சட்டம் சட்டம்தான். ஓலை என்னுடையது."

"முழுக்க முழுக்கத் தங்களுடையதா?"

"பிள்ளையார் சுழியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என்னுடையது. போதுமா?"

ஆபத்சகாயத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "போதும் மகாராஜா, அதுவே போதும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அன்றே மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். 'ஓலை அரண்மனையில் இருக்கிறது' என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

முகூர்த்த நாள் காலையில் அரண்மனை வாசலில் நாகஸ்வரம் கேட்டது. ராஜா எட்டிப் பார்த்தார். நாற்பது வண்டிகள். முதல் வண்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வைத்திலிங்கம் இறங்கினார். அந்த வட்டாரத்தில் அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை.

"என்னய்யா பெண் வீடு இது? வந்து எத்தனை நேரமாச்சு! கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணி இல்லையா?"

"நான் இந்த நாட்டு ராஜா!" என்றார் ராஜா.

"ராஜாவா இருந்தா என்ன? ஓலை உங்க வீட்டுலதானே இருக்கு? பெண் வீட்டார் பெண் வீட்டார்தான்."

வாசலுக்கு வந்த மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் ஏழு தலைமுறைக்கும் பேச்சாகிவிடும். ராஜா செம்புச் சொம்பை எடுத்து வந்தார். வெள்ளிச் சொம்பு எங்கே என்று மாமன் கேட்டார். அது வந்தது. தண்ணீர் சில்லிட்டிருந்தது. வெந்நீர் வந்தது. அது சுட்டது. பந்தியில் தன் இலையை மூன்றாவதாகப் போட்டதற்கு மாமன் கோபித்து எழுந்தார். பிறகு முதலாவதாகப் போட்ட இலையில் நுனி கிழிந்திருந்ததற்கு மறுபடியும் எழுந்தார். ராஜாவின் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஆபத்சகாயம் கண்ணில் பட்டார். குடும்பத்தோடு வந்து, பட்டு உடுத்தி, கால்மேல் கால் போட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கே என்ன செய்கிறீர்?"

"ஒரு கல்யாணத்துக்கு வந்தேன், மகாராஜா. பெண் வீட்டு உபசாரம்தான் கொஞ்சம் போதாது."

"ஐயா, உம் ஓலையைப் பிடியும்!"

"எப்படி வாங்குவேன்? அதில் 'உ' இருக்கிறதே."

"சட்டத்தை எடுத்துவிட்டேன்! பறை சாற்றச் சொல்லுங்கள். மாடும் மரக்காலும் அவரவருக்கே. 'உ' எல்லாருக்கும் பொது!"

ஓலை கைக்கு வந்ததும் ஆபத்சகாயம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அகிலாண்டத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"பலே ஆபத்சகாயம்! கல்யாணம் இங்கேயே நடக்கட்டும், விருந்து என்னுடையது. உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்."

ஆபத்சகாயம் சுற்றிலும் பார்த்தார். பாயசத்தில் முந்திரி குறைவு என்று வைத்திலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அடியேனுக்குப் பரிசே வேண்டாம், மகாராஜா. ஓலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அதோடு வந்த மாமனை மட்டும் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்!"