ஆலை முதலாளி கேட்ட புதுக் கேமரா

திண்டிவனத்தில் கல்யாணப் படம் எடுக்கும் தவமணியின் கையிருப்புக்குப் புதுசில் சின்னக் கேமராதான் கிடைக்கும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு அது சரிப்படாது என்று, நல்ல லென்ஸோடு பழைய கேமரா ஒன்றைப் பார்த்து வாங்கினாள்.

அந்தக் கேமராவில் எடுக்கப்போன முதல் கல்யாணமே அரிசி ஆலை முதலாளி ஆளவந்தார் வீட்டில். கேமராவின் தேய்ந்த விளிம்பைக் கண்டதும் அவர் மண்டபமே கேட்கக் கத்தினார். "அடுத்தவன் கை பட்ட கேமராவுலயா என் மகளை எடுக்கப்போற? ஒரு படம்கூட எடுக்காத புதுசு கொண்டா. இல்லேன்னா கிளம்பு!"

தவமணி பதறவில்லை.

"கொண்டு வரேன் ஐயா. ஆனா முதல் படம் எடுத்ததும் அதுவும் பழசாயிடும். அந்த ஒரு படத்துல யாரை எடுக்கட்டும்? பொண்ணையா, உங்களையா?"

மணப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். கூடவே மண்டபமும் சிரித்தது. ஆளவந்தார் மீசையைத் தடவிக்கொண்டே மகள் பக்கத்தில் போய் நின்றார்.

"இதுலயே ரெண்டு பேரையும் சேர்த்து எடும்மா."