ஆளுக்கு ஒரு தேங்காய்

"கொளகொள… கொளகொள… த்தூ!"

ஆற்றுப் பக்கமிருந்து இந்தச் சத்தம் வந்தால் போதும், வீரமங்கலத்தில் பாதி ஊர் படித்துறைக்கு ஓடும். அங்கே அலங்காரம் பல் துலக்கிக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கத்தான் ஓட்டம். பல் எல்லாருக்கும் உண்டு. பார்க்க மட்டும் அவன் பல் வேண்டும்.

அவன் மெச்சியது எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் விற்றுவிடும். போன மாதம் ஒரு சீப்பைப் புகழ்ந்தான். மொட்டைத் தலையர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள்.

அரண்மனைப் பற்பொடி மட்டும் கிடங்கில் தூங்கியது. மன்னர் மார்த்தாண்டபூபதி முரசறையச் சொல்லிப் பார்த்தார். முரசுக்குப் பல்லா இருக்கிறது? யாரும் மசியவில்லை. மந்திரி அனந்தராயர் அலங்காரத்தை அழைத்துவந்தார்.

"என் பேரைச் சொல்லி அரண்மனை வாசலுக்கு யார் வந்தாலும் என்னால் வந்தவர். ஆளுக்கு ஒரு தேங்காய் எனக்கு" என்றான் அலங்காரம். "அப்புறம், பொடி சிவப்பா இருக்கணும். நான் துப்பினா கடைசிப் படியில நிக்கிறவனுக்கும் தெரியணும்."

பொடி இடிக்கும் வெள்ளைத்தாயி பதறினாள். "சாமி, வேப்பம்பட்டையும் கிராம்பும் எப்படிச் சிவக்கும்?"

"செங்கல்லை இடிச்சுப் போடு" என்றார் மந்திரி.

"ஈறு கிழிஞ்சிடுமே!"

"உன் பின்னால எத்தனை பேர் வர்றாங்க? அவன் பின்னால ஊரே வருது. சொன்னதைச் செய்."

அலங்காரம் படித்துறையில் சிவக்கச் சிவக்கத் துப்பினான். மூன்று நாளில் கிடங்கு காலி. நான்காம் நாள் ஊரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலில் நின்றது.

"பொடி செய்தவள் யார்?" மன்னர் கொதித்தார். மந்திரி வெள்ளைத்தாயியை முன்னே தள்ளினார்.

"நாளைக்கே நாட்டை விட்டுப் போ!"

"நான் எங்கே சாமி போவேன்? மந்திரியார் சொல்லித்தானே செங்கல்லைப் போட்டேன்!" அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தேங்காய் வாங்க வந்திருந்த அலங்காரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானா இடிச்சேன் மகாராஜா? நாலு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்."

அவையில் விகடம் பேசும் சொக்கேசன் எழுந்தான். "மன்னா, பாவம், அலங்காரத்துக்குத் தேங்காய் பாக்கி இருக்கிறதே! வாசலில் யார் பேர் கேட்கிறது பாருங்கள்."

"அலங்காரம்! எங்கேடா அந்த அலங்காரம்?" என்று வெளியே ஒரே கூச்சல்.

"இவர்கள் எல்லாரும் உன்னால் வந்தவர்கள்தானே, தம்பி? இல்லை, தானாக வந்தார்களா?"

கூட்டம் என்றதும் அலங்காரத்துக்கு முகம் மலர்ந்தது. "தானாவா? அத்தனை பேரும் என்னாலதான்! ஆயிரத்துக்கு ஒண்ணு குறையாது!"

"கொடுங்கள் மன்னா, ஆயிரம் தேங்காய். வாய்ப்புண்ணுக்குத் தேங்காய்ப்பால் நல்லது. செங்கல் யோசனை சொன்ன மந்திரியார் துருவட்டும், அலங்காரம் பிழிந்து ஒவ்வொரு வாயிலும் ஊற்றட்டும். பார்க்கக் கூட்டமும் தயார்."

மன்னர் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "அப்போ இந்தப் பெண்?"

"அவள் பேரைச் சொல்லி ஒருத்தரும் வரவில்லையே மன்னா! பேரே தெரியாதவளை எப்படித் தண்டிப்பது?"

மன்னர் அடக்கிய சிரிப்பெல்லாம் வெடித்து வந்தது. தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சொக்கேசனுக்குப் போர்த்தினார்.

வெள்ளைத்தாயி எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். கொல்லைப்புறம் போனாள். உரலைக் கழுவிக் கவிழ்த்து, காய்ந்ததும் வேப்பம்பட்டையை இடிக்கத் தொடங்கினாள்.