யானை அண்டா இல்லாமல் போன கதை

எருக்கம்பாறையில் மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. அந்த ஊரில்தான் சடையப்பன், மொட்டையாண்டி, நல்லதம்பி, குப்பமுத்து என்ற நான்கு பேர் கூட்டாகப் பாத்திர வாடகைக் கடை நடத்தினார்கள்.

கடையின் பெருமையே யானை அண்டாதான். ஒரு கல்யாணத்துச் சாம்பார் மொத்தமும் அதில் அடங்கும். போன வைகாசியில் அதை ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குப் பேசிவிட்டு, ஒரு வீட்டுக்கு அண்டாவையும் இன்னொரு வீட்டுக்கு மூடியையும் அனுப்பினார்கள். அவர்கள் நியாயமாகத்தான் பங்கிட்டார்கள், மூடி போன வீட்டுக்காரர்களுக்குத்தான் அது புரியவில்லை.

அடிபட்ட பிறகு புத்தி வந்து, டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெனிபாவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

"லினக்ஸ் போட்டிருக்கேன், அது ஓசி. பாத்திரக் கணக்கு வைக்க டேட்டாபேஸ் மட்டும் நீங்க போட்டுக்கிடணும். போன்ல சொல்லித் தாரேன்" என்றாள் ஜெனிபா. "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க அண்ணாச்சி. இனிமே கம்ப்யூட்டர்ல இருந்தா கடையில இருக்கு. கம்ப்யூட்டர்ல இல்லைன்னா கடையில இல்லை."

நால்வரும் இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அந்த வாரமே அதே ஊர்த் தங்கப்பழம் மகளுக்குக் கல்யாணம். யானை அண்டா அவருக்குத்தான் என்று பேச்சு. "இந்தத் தடவையும் மூடி வந்துச்சுன்னா, உங்க நாலு பேரையும் போட்டுச் சாம்பார் காய்ச்சிருவேன்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"அதுக்கும் அண்டா வேணும்லா?" என்று கவலைப்பட்டார் மொட்டையாண்டி.

ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். சடையப்பன் தன் பட்டன் போனில் ஜெனிபாவைப் பிடித்துக்கொண்டார். பத்தாவது வரை படித்த நல்லதம்பி தட்டினார். கம்ப்யூட்டர் உடனே நெட் இல்லை என்று கைவிரித்தது.

"இன்னொரு போன்ல நெட் இருக்குல்லா? அதை உசரமான இடத்துல வைங்க, அசைக்காதீங்க" என்றாள் ஜெனிபா.

கடையிலேயே உயரமானது யானை அண்டா. அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் குப்பமுத்துவை ஏற்றி, கையில் போனைக் கொடுத்துத் தலைக்குமேல் தூக்கச் சொன்னார்கள். மூச்சு விட்டால் அசையுமே என்று அவர் முடிந்தவரை அதையும் குறைத்துக்கொண்டார்.

நெட் வந்தது. "தொடரலாமா?" என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"எவ்வளவு மரியாதை பாத்தீரா வே! ராகுகாலம் கழியட்டும்னு சொல்லும்" என்றார் சடையப்பன். ராகுகாலம் கழிந்தது. குப்பமுத்து அண்டாமேலேயே இட்லி சாப்பிட்டார், ஊட்டிவிட்டது மொட்டையாண்டி.

அடுத்து, டேட்டாபேஸுக்குப் புது பாஸ்வேர்டு கேட்டது. நல்லதம்பி தட்டினார். திரையில் ஒன்றுமே விழவில்லை. ஓங்கி ஓங்கிக் குத்திப் பார்த்தார்.

"திரையில தெரியாது அண்ணாச்சி. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக்கூடாது" என்றாள் ஜெனிபா.

"யாருக்குமா?" என்று சடையப்பன் கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது!"

போனைப் பொத்திக்கொண்டு நால்வரும் ஆலோசித்தார்கள்.

"ஒருத்தன் தட்டட்டும், மத்தவங்க திரும்பி நிப்போம்" என்றார் மொட்டையாண்டி.

"தட்டுறவனுக்குத் தெரிஞ்சிருமே?"

"அவன் கண்ணை மூடிக்கிடட்டும்."

"விரலுக்குத் தெரியுமே?" என்று அண்டாமேலிருந்து குப்பமுத்து கேட்டார். எல்லோரும் அசந்துபோனார்கள். அவ்வளவு ஆழமாக யாரும் யோசிக்கவில்லை.

கடைசியில் நல்லதம்பியின் கண்ணைத் துண்டால் கட்டி, விரல்களைக் கரண்டிப் பிடியோடு சேர்த்துச் சுற்றி, கரண்டியாலேயே எங்கேயோ தட்டவைத்தார்கள். கம்ப்யூட்டர் மறுபடியும் அதையே தட்டச் சொன்னது. கரண்டி நகராமல் இருந்ததால், மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"இனி எந்தத் திருடனாலயும் திறக்க முடியாது. நம்மளாலயே முடியாது!" என்று சடையப்பனுக்குப் பெருமை பொங்கியது.

ஒருவழியாக எல்லாம் முடிந்து டேட்டாபேஸ் தன்னாலேயே திறந்து நின்றது. மொத்தப் பாத்திரம் என்ற இடத்தில் ஒரு சைபர் இருந்தது.

"ஏம்மா, சைபர்னு காட்டுதே!" என்று சடையப்பன் அலறினார்.

"ஆமா அண்ணாச்சி, சைபர்தான். சரியாத்தான் இருக்கு" என்று சொன்னாள் ஜெனிபா. இனிமேல்தான் ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவள், கடைக்கு ஆள் வரவும் போனை வைத்துவிட்டாள்.

கடையில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மொட்டையாண்டி ஒரு குத்துப்போணி வாளியைக் கட்டிக்கொண்டு, "இதுவும் இல்லையா?" என்று விம்மினார். நல்லதம்பி துக்கம் தாங்காமல் ஒரு கொப்பரைமேல் உட்கார்ந்தார், அதுவும் இல்லை என்பது நினைவு வந்ததும் மரியாதையாக எழுந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கப்பழம் தம்பியைக் கூட்டிக்கொண்டு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"அண்டாவை எடுங்க வே!"

"அண்டா இல்லை அண்ணாச்சி" என்று சடையப்பன் கைகூப்பினார். "எதுவுமே இல்லை. கம்ப்யூட்டரே சொல்லிட்டு. அந்தப் பிள்ளையும் சரின்னுட்டா."

"அந்தா, குப்பமுத்து ஏறி நிக்கானே, அது என்னவே?"

"எனக்கும் கால்ல தட்டுப்படத்தான் செய்யுது அண்ணாச்சி" என்றார் குப்பமுத்து வருத்தத்தோடு. "ஆனா இல்லையே."

விடிந்தால் முகூர்த்தம். இவர்களோடு மல்லுக்கட்டத் தங்கப்பழத்துக்கு ஏது நேரம்? குப்பமுத்துவை இடுப்போடு தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, தம்பியோடு சேர்ந்து அண்டாவை ஆட்டோவில் ஏற்றினார். மூடியையும் எடுத்துக்கொண்டார். கனமாக இருக்கிறதே என்று நால்வரும் ஒரு கை கொடுத்தார்கள்.

"இந்தாரும் வாடகை."

"இல்லாத அண்டாவுக்கு வாடகை வாங்குனா குடும்பம் விளங்காது அண்ணாச்சி" என்று சடையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நால்வரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். குப்பமுத்துவின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது.

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எது எப்படியோ, அண்டா நம்மகிட்ட இல்லாமப் போனது நல்லதாப் போச்சு வே!"

"ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டார் நல்லதம்பி.

"பாத்தீருல்லா அந்த மனுசன் ஆடுன ஆட்டத்தை? இருந்திருந்தா, நம்ம கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போயிருப்பாரு!"