வாய்க்கால் தெரு மொய்

அந்தப் பக்கமெல்லாம் மொய் வாங்கியவர் திருப்பிச் செய்யாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

சட்டமன்றத் தேர்தலில் கடும் இழுபறி. வேட்பாளர் வைரக்கண்ணு பந்தல் போட்டு, சோறு போட்டு, நன்கொடை வசூலித்தார். பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த அல்லியைப் பார்த்ததும் மைக்கிலேயே ஆரம்பித்தார். "உங்க வாய்க்கால் தெரு மட்டும் ஒத்தப் பைசா தரலையே. அப்புறம் பாலம் வேணும்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவீங்க?"

அல்லியின் மகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். அல்லி கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த ஐம்பது ரூபாயை அவர் கையில் வைத்தாள். மைக்கை வாங்கினாள்.

"வாய்க்கால் தெரு மொய், அம்பது ரூபா."

"மொய் இல்லம்மா, நன்கொடை."

"நன்கொடைன்னா மறந்துருவீங்கண்ணே. மொய்னா எங்க விசேஷத்துக்கு வந்து திருப்பிச் செய்யணும். எங்க விசேஷம் பாலந்தான்."

பந்தலே சிரித்தது. சபையில் கை நீட்டி வாங்கியாகிவிட்டது. "செய்றேன்" என்றார் வைரக்கண்ணு.

தேர்தலன்று வாய்க்கால் தெரு ஒருவர் விடாமல் வந்து ஓட்டுப் போட்டது. மனிதர் மயிரிழையில் ஜெயித்தார். மறுவருஷமே பாலம் எழும்பியது.

திறப்பு விழாவில், "மொய் கழிஞ்சுதா தங்கச்சி?" என்று கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டார் வைரக்கண்ணு.

"கழிஞ்சுதுண்ணே" என்ற அல்லி, இன்னோர் ஐம்பதை அவர் கையில் வைத்தாள். "இது புது மொய். தெருவிளக்குக்கு."