வெயில் பார்க்காத மூங்கில் நெல்

மலையடிவாரத்து மூங்கில் காடு அந்த வருஷம் பூத்து, முற்றி, நெல்லாய்க் கொட்டியது. எலி, அணில், எறும்பு, மயில் எல்லாம் ஓய்வில்லாமல் பொறுக்கிக்கொண்டிருந்தன.

தவிட்டி என்ற சுண்டெலிக்கு அப்போது வயிற்றில் குட்டிகள். ஆனி மழை பிடித்துக்கொண்டால் அந்தக் காட்டில் தலை நீட்ட முடியாது. குட்டிகள் பிறந்து, கண் திறந்து, தாமாகப் பொறுக்கித் தின்னும்வரை வளைக்குள் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வளையில் இல்லையென்றால் தாய்க்குப் பால் ஊறாது. அப்புறம் குட்டிகள் ஏது?

அதனால் அவள் கெட்டுப்போகாத பண்டமாகப் பார்த்துச் சேர்த்தாள். அத்திப்பழம் எவ்வளவு மணத்தாலும் தொடவில்லை. காய்ந்த இலந்தைப்பழம் கொஞ்சம், புளியங்கொட்டை கொஞ்சம், மற்றதெல்லாம் மூங்கில் நெல். ஒவ்வொரு மணியையும் கடித்துப் பார்ப்பாள். 'கடக்' என்றால் உள்ளே போகும். மெத்தென்று இருந்தால் அங்கேயே போட்டுவிடுவாள்.

உள்ளறை நிறைந்தது. நிறைந்ததும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. யார் கண்ணாவது பட்டுவிட்டால்?

உடனே ஈரமண்ணைக் குழைத்து அறை வாசலை அடைத்தாள். ஓரத்தில் தன் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டாள்.

பக்கத்து மரத்து அணில் வரியன் வழியில் பார்த்துக் கேட்டான்.

"என்ன தங்கச்சி, இந்த வருஷம் நல்ல சேர்மானம் போல?"

"எங்கேண்ணே, ஏதோ ஒரு பிடி கிடைச்சுது."

"ஒரு பிடிக்குத்தான் காலையிலிருந்து இத்தனை நடையா?"

"பிள்ளைத்தாச்சிக்கு நடந்தா நல்லதுன்னு நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மழை வந்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது. நடுவில் ஒருநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. தவிட்டி எட்டிப் பார்த்தாள். எதிர்ப் பாறையில் எறும்புகள் தங்கள் புற்றிலிருந்த நெல்லையெல்லாம் வெளியே கொண்டுவந்து பரப்பிக்கொண்டிருந்தன.

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எறும்புக் கூட்டத்துக்கு முன்னே நின்ற சிவத்தாளிடம் போனாள்.

"ஏன் அக்கா, இப்படி எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கிறீங்களே. கண்ணு படாதா?"

"கண்ணு பட்டா படட்டும்டி. வெயில் படுதில்ல?"

"காய்ஞ்ச நெல்தானே அக்கா? மறுபடி எதுக்குக் காயவைக்கணும்?"

"உன் வீட்டு நெல்லைப் பார்த்துட்டு வந்து கேளு, சொல்றேன்."

"என்கிட்ட ஏது அக்கா நெல்லு?"

"அப்ப இல்லாதவளுக்கு எதுக்கு அந்தக் கவலை?" என்று சொல்லிவிட்டு, சிவத்தாள் தன்னைவிடப் பெரிய மணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

தவிட்டி வளைக்குத் திரும்பினாள். உள்ளறைக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றாள். அறை கதகதவென்று இருந்தது. வளையின் மற்ற இடமெல்லாம் மழைக் குளிரில் சில்லிட்டுக் கிடக்கிறது. இங்கே மட்டும் இந்தச் சூடு எப்படி வந்தது?

"பிள்ளைகள் குளிரில் கஷ்டப்படக் கூடாதுன்னு சாமி கொடுத்தது" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நெல்குவியலின் மேலேயே இலையைப் பரப்பிப் படுக்கை போட்டுக்கொண்டாள்.

ஆனாலும் அவள் மனசு சும்மா இருக்கவில்லை. படுத்தபடியே யோசித்தாள். சூடு எங்கேயிருந்து வருகிறது? அறையின் பக்கச்சுவராக இருந்த பாறையைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. தரையைத் தொட்டாள், அதுவும் சில்லென்றுதான். நெல்லுக்குள் கையை விட்டாள். மேலே வெதுவெதுப்பு. இன்னும் ஆழத்தில் நல்ல சூடு. தோண்டினாள். ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். 'கடக்' சத்தம் இல்லை. மெத்தென்று இருந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு முளை. அதற்கும் கீழே நெல்மேல் சாம்பல் பூத்த மாதிரி பூசணம். குப்பென்று ஒரு வாடை.

தவிட்டி அந்த மணியைக் கீழே போட்டாள். வயிற்றுக்குள் குட்டிகள் புரண்டன.

சந்துக்குப் பக்கத்தில் கிடந்த நெல்லை எடுத்துக் கடித்தாள். 'கடக்'. அதே மூங்கில் நெல், அதே நாள் பொறுக்கியது, அதே பல்லால் சோதித்தது. இது நன்றாக இருக்கிறது, அது ஏன் கெட்டது? சந்தில் மூக்கை வைத்தாள். மெல்லிய காற்று வந்தது. தான் பூசிய மண்சுவரைத் தடவினாள். சுவர் முழுக்க நீர் வேர்த்திருந்தது. ஈரமண்ணால் அடைத்ததும் அவள்தான், காற்றை நிறுத்தியதும் அவள்தான். சாமி கொடுத்தது என்று அவள் கும்பிட்ட சூடு, நெல் உள்ளேயே புழுங்கிய சூடு.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஆனால் மலை உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. இப்போது கொண்டுபோய்ப் பரப்பினால் எல்லாரும் பார்ப்பார்கள். பரப்பாவிட்டால் மிச்சமும் போகும்.

"சாமி, பார்க்கிற கண்ணை நீ பார்த்துக்கோ. என்னால நெல்லைத்தான் பார்க்க முடியும்" என்று சொல்லி, மண்சுவரை உதைத்துத் தள்ளினாள்.

வாய் நிறைய அள்ளி அள்ளிக் கொண்டுவந்து வளை வாசல் பாறையில் கொட்டினாள். கனத்த வயிறு, மூச்சு வாங்கியது. பாதிகூட வெளியே வரவில்லை. அதற்குள் மரத்திலிருந்து வரியன் இறங்கி வந்துவிட்டான்.

"தங்கச்சி, உன் ஒரு பிடிக்கு இந்தப் பாறையே பத்தாது போலிருக்கே!"

தவிட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நிற்க நேரமில்லை.

"பொய்தாண்ணே சொன்னேன். திட்டுறதை அப்புறம் திட்டு. இப்ப ஒரு கை கொடு. முளை விட்டதெல்லாம் உனக்கே தரேன்."

"முளைவிட்ட நெல்லா? அதை முதல்லயே சொல்ல வேண்டாமா" என்று வாலைத் தூக்கிக்கொண்டு வளை வாசலுக்குப் பாய்ந்தான் வரியன்.

இரண்டு பேருமாக முழுக்கப் பரப்பி முடித்த நேரத்தில் மயில் ஒன்று நெல்லைப் பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. வரியன் கீச்சுக்கீச்சென்று கத்தினான். அடுத்த பாறையிலிருந்த சிவத்தாள் கூட்டம் அந்தச் சத்தம் கேட்டு மயிலின் காலில் ஏறிக் கடித்தது. மயில் தோகையை விரிக்காமலே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஓடிப்போனது.

"என்னடி தவிட்டி, இல்லாத நெல்லுக்கா இவ்வளவு காவல்?" என்றாள் சிவத்தாள்.

"இருக்குக்கா. பாதி கெட்டுப்போச்சு, மீதி இருக்கு" என்றாள் தவிட்டி. அதைச் சொன்னதும் அவளுக்கு மனசு லேசானது.

பூசணம் பிடித்ததைத் தூர எறிந்தார்கள். முளைவிட்டது வரியனுக்குப் போனது. நல்ல நெல்லைச் சூடு ஆறவிட்டு, மேகம் இறங்குவதற்குள் வளையில் கொட்டினார்கள். முன்பு சேர்த்ததில் பாதிதான் இருந்தது. சிக்கனமாக இருந்தால் போதும். சுவரை அவள் மறுபடி எழுப்பவில்லை.

குட்டிகள் பிறந்தன. மறுபடி வெயில் அடித்த நாளில் தவிட்டியால் எழுந்திருக்கவே முடியவில்லை. மடியில் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. வளை வாசலில் வரியனின் குரல் கேட்டது.

"தங்கச்சி, வெயில் வந்துடுச்சு. நீ எழுந்திரிக்காதே. நெல்லைக் காலால இந்தப் பக்கம் தள்ளு, நான் பரப்பிக்கிறேன். பெரிய குட்டிக்கு உன் மூக்காமே, சிவத்தாள் அக்கா சொன்னாங்க."

தவிட்டி படுத்தபடியே நெல்லை வாசல் பக்கம் தள்ளிவிட்டாள்.

அடுத்தவர் கண்ணுக்குப் பயந்து அடைத்து வைத்த பண்டம் உள்ளேயே கெட்டுப்போகும்; காற்றும் வெயிலும் அக்கம்பக்கமும் பார்த்த பண்டமே நம் பிள்ளைகளின் பசிக்கு நிற்கும்.