ராசாத்தி என்று கூப்பிட முடியாத அரசி

முன்னொரு காலத்தில் சொற்குன்றம் என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று நான்தான் பெரிதாகச் சொல்கிறேன், மொத்தம் மூன்றே நாள். அந்த நாட்டுக் கிரீடத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. அதைத் தலையில் வைத்திருப்பவர் என்ன சொன்னாலும் சொன்னபடியே நடந்துவிடும். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு வரத் தாமதமானது. "என்னய்யா இது, பசி உயிர் போகுதே!" என்றார் ராஜா. போய்விட்டது.

அவருக்கு முன்னால் இருந்தவர் "தலை வெடிக்குது" என்று சொன்னார். அதை நான் விவரிக்க மாட்டேன். அதற்கும் முன்னால் ஒருவர், கொஞ்சம் விவரமானவர், "இந்தச் சனியன் பிடித்த கிரீடம் தொலையட்டும்" என்றார். தொலைந்தது. மறுநாள் ஒரு சலவைக்காரர் அதை ஆற்றங்கரையில் கண்டெடுத்து, நல்ல மனிதர், பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

வழக்கப்படி பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். யானையைக் கண்டதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. மந்திரி வல்லபராயர் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். யானை அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அப்போதுதான் நடை பழகிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, விஷயம் தெரியாமல் சுண்ணாம்பு விற்க வந்த அங்காயியின் கழுத்தில் மாலையைப் போட்டது.

"ஐயா, நான் கிளிஞ்சல் சுடுறவ. எனக்கு எதுக்குய்யா இது? என்னை விட்டுடுங்கய்யா" என்று அவள் எல்லோர் காலிலும் விழுந்தாள்.

"யானை போட்டது போட்டதுதான்" என்றார்கள். காலில் விழுந்தவளைத் தூக்கிச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள்.

அங்காயி படிக்காதவள், ஆனால் புத்திசாலி. காலையில் ஒரே ஒருமுறை வாய் திறப்பாள். "மழை அளவாப் பெய்யட்டும். எல்லார் வீட்டுலயும் சோறு வேகட்டும்." அவ்வளவுதான். மற்றதெல்லாம் கைஜாடை. நாடு செழித்தது. அவள்தான் வாடிப்போனாள்.

பிள்ளையைக் கொஞ்சுவதற்கு நம்மிடம் இருக்கும் வார்த்தைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'தங்கமே' என்றால் பிள்ளை பொம்மையாகச் சமைந்துவிடும். 'கிளியே' என்றால் சன்னல் வழியே பறந்துவிடும். சுண்ணாம்புச் சூளையடியில் இருந்தபோது அவள் மகளை ஒரு நாளைக்கு நூறு தடவை 'ராசாத்தி' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அப்படிக் கூப்பிட்டால் கிரீடம் அந்தப் பிஞ்சுத் தலைக்குத் தாவிவிடும். வாய் தவறிவிடுமோ என்று பயந்து பிள்ளையை, அரண்மனைக்குக் கூடவே வந்துவிட்ட அப்பன் சன்னாசியிடமே விட்டுவிட்டாள். ஒரு வருஷம் ஓடியது. அவளைக் கண்டால் பிள்ளை அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அங்காயி தூண் மறைவில் நின்று சத்தமில்லாமல் அழுவாள். செத்துப்போனால் தேவலை என்று நினைப்பாள். சொல்ல முடியாது, சொன்னால் நடந்துவிடும்.

வல்லபராயர் தினமும் வந்து குழைவார். "தாயே, அடியேனை ஒரே ஒருமுறை 'ராசா' என்று கூப்பிடுங்கள். பாரத்தை நான் சுமக்கிறேன். எனக்குக் கைகட்டி நிற்காத ஊரையெல்லாம் மண்ணோடு மண்ணாக்கிவிடுகிறேன்."

அவள் தலையாட்டி மறுத்துவிடுவாள். விட்டுவிடத்தான் அவளுக்கு ஆசை. அந்த ஊர்களில் எத்தனை பிள்ளைகளோ என்று நினைத்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

ஒரு திருநாளன்று சபை கூடியிருந்தது. வல்லபராயர் கற்கண்டைக் காட்டிப் பிள்ளையைப் படிக்கட்டின் உச்சிக்கு வரவழைத்தார். பிள்ளை கையை எட்டிப் போட்டது, கால் இடறியது.

"ஐயோ, என் ராசாத்தி!"

சன்னாசி பாய்ந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கிரீடம் தாவிவிட்டது. பிள்ளையின் மூக்குவரை இறங்கி உட்கார்ந்தது. வல்லபராயர் அதற்காகத்தான் காத்திருந்தார். மண்டிபோட்டுக் கற்கண்டை நீட்டி, "பாப்பா, சொல்லு பார்ப்போம், மாமா ராசா" என்றார்.

பிள்ளை கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "மாமா ரோசா" என்றது.

மந்திரி நின்ற இடத்தில் ஒரு ரோசாச் செடி நின்றது. பூ ஒன்றுதான், மற்றதெல்லாம் முள்.

சபை வயிறு வலிக்கச் சிரித்தது. அங்காயி சிரிக்கவில்லை. கற்கண்டு தீர்ந்ததும் பிள்ளை கையை விரித்தது. எல்லாப் பிள்ளைகளும் விளையாடும் விளையாட்டுத்தான். "வெளக்கு போச்சு!" சபையில் ஒரு விளக்குகூட இல்லை. "ஆனை போச்சு!" வாசலில் நின்ற பட்டத்து யானை இல்லை. அடுத்து அது அப்பன் முகத்தைப் பார்த்தது.

"ராசாத்தி!" என்று கத்திக்கொண்டு அங்காயி ஓடினாள். இப்போது அவள் தலையில் கிரீடம் இல்லை, எதையும் சொல்லலாம். "என் தங்கமே, என் கிளியே, சக்கரக்கட்டியே, அம்மாவைப் பாருடி!" ஒரு வருஷமாகத் தொண்டையில் அடைத்துக் கிடந்ததெல்லாம் கொட்டியது. பிள்ளை திரும்பியது. அந்த முகத்தை அது மறந்திருந்தது, குரலை மறக்கவில்லை.

"அம்மா?"

"ஆமாண்டி கண்ணு. உன் தலையில கனமா இருக்கே, அது யாருது?"

சன்னாசி குறுக்கே புகுந்தார். "அங்காயி, அப்பாதுன்னு சொல்லச் சொல்லு. நான் சுமக்கிறேன்."

"நீ வாயைத் தொறந்தாலே 'செத்தேன்'னுதானே ஆரம்பிப்பே" என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். பிறகு பிள்ளையிடம் குனிந்தாள். "அம்மாதுன்னு சொல்லுடி, ராசாத்தி."

"அம்மாது."

முதல் தடவை யானை போட்டது. இந்தத் தடவை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, "அம்மா, இன்னும் சொல்லு" என்றது. அங்காயி வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே இருவரையும் சூளையடிக்கு அனுப்பிவைத்தாள். கோட்டை வாசல் வரைக்கும் கூடவே நடந்தாள். 'போ' என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் நமக்கு இல்லையே. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வா" என்றாள்.

அந்த நாட்டில் அரசி சொன்னால் நடக்கும். ஆகவே பிள்ளை வரத்தான் வேண்டும். எப்போது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. கிரீடம் தன் தலையில் இருக்கிறவரை நாள் குறிக்க அவளுக்கு வாய் வரவில்லை.

கதையை இத்தோடு முடிக்கிறேன். கோட்டைக் கதவை மட்டும் அவள் இன்னும் சாத்தவிடவில்லை.