உடும்பின் பட்டியலும் வேலாயியின் ஆறு வரியும்

கருந்துறைக் காட்டு விலங்குகள் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருந்தன. ஆற்றங்கரை மருத மரத்தின் பெரிய பொந்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்தப் பக்கம் வேடன் நடமாட்டம் என்ற சேதியெல்லாம் அதிலிருந்துதான் காட்டின் பன்னிரண்டு திரைகளுக்கும் போகும்.

சர்வருக்குப் பொறுப்பு, உக்கிரபாண்டி என்ற உடும்பு. சர்வரின் முதல் ஃபைலில் ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் எழுதிய ஃபைல்களை மட்டுமே சர்வர் எடுத்து ஓட்டும். பெயர் இல்லாத ஃபைல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபோல்டருக்குள் சும்மா கிடக்க வேண்டியதுதான். பட்டியலில் கை வைக்க உக்கிரபாண்டியை விட்டால் ஆள் இல்லை. ஒரு பெயரைச் சேர்க்க இரண்டு முட்டையோடு போய் நிற்க வேண்டும்!

அந்தக் காட்டில் வேலாயி என்ற வெள்ளெலி இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் அது மூன்று வாரம் உட்கார்ந்து திரைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபைல்கள் எழுதியது. வெள்ளம் வந்தால் எந்த இடத்தில் இருப்பவர் எந்த வழியாகத் தப்பலாம் என்று ஒவ்வொன்றும் சொல்லும். 'வெள்ளம்' என்ற ஃபோல்டரில் மூன்று ஃபைல். அதற்குள் வடகரை, தென்கரை என்று இரண்டு ஃபோல்டர். தென்கரைக்குள் திட்டு என்று இன்னொன்று. வேலாயி எல்லாவற்றையும் பிரித்து அழகாக அடுக்கி வைத்தது.

“அண்ணே, இந்தப் பன்னிரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்” என்றது.

“முட்டை எங்கே?”

“எலியிடம் ஏது அண்ணே முட்டை?”

“அப்படியானால் நாளைக்கு வா!” என்று உடும்பு வாலைத் திருப்பிக்கொண்டது.

நாளைக்கு, நாளைக்கு என்றே எட்டு நாள் ஓடிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் பேய்மழை. நனைந்த கொக்கு ஒன்று பொந்துக்குள் வந்து விழுந்தது. “மேலே கரை உடைந்துவிட்டது! ஒரு நாழிகையில் வெள்ளம் வந்துவிடும்! ஆற்றுத் திட்டில் மான்கள் குட்டிகளோடு நிற்கின்றன! பன்னிரண்டு இடத்துக்கும் பறந்து சொல்ல நேரமில்லை!”

பொந்தின் வாசலில் நின்ற காட்டுத் தலைவி யானை பெரியநாயகி, “உக்கிரபாண்டி, உடனே சேர்!” என்று முழங்கியது.

உடும்பு அவசர அவசரமாக ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தது. மூன்றாவது பெயரில் ஒரு எழுத்து பிசகியது. அவ்வளவுதான், சர்வர் நின்றது! பொந்தின் சுவரில் திரைக்கு ஒன்றாக எரிந்த பன்னிரண்டு விளக்குகளும் அணைந்தன.

“என்னால் முடியாது” என்று உடும்பு தலையில் கை வைத்துக்கொண்டது.

வேலாயி முன்னால் வந்தது. “அம்மா, பட்டியலே வேண்டாம். ஃபைல்களைச் சர்வரே தேடி எடுக்கும்படி செய்கிறேன்!”

“குப்பையெல்லாம் சேர்ந்து ஓடுமே!” என்று உடும்பு கத்தியது.

“வெள்ளம் ஃபோல்டரைத் தாண்டிப் போகாது. அதிலும் என் ஃபைல்களைப் போல 'வழி' என்று பெயர் தொடங்கினால்தான் எடுக்கும்!”

வேலாயி உடும்பின் வரிகளை அழித்தது. தன் வரிகள் ஐந்தை எழுதியது. ஃபோல்டரைத் திற, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார், வழி ஃபைல் என்றால் எடுத்து ஓட்டு. சர்வர் உயிர் பெற்றது. விளக்குகள் எரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று...

மூன்றோடு நின்றுவிட்டது!

“மான்களின் விளக்கு எரியவில்லையே!” என்று கொக்கு அலறியது.

வேலாயி கண்ணை மூடி யோசித்தது. மேலே கிடந்த மூன்று ஃபைல்கள்தான் ஓடின. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்ததும் சர்வர் வாசலோடு திரும்பிவிட்டது!

அது ஆறாவது வரியை எழுதியது: உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் நுழைந்து முதலிலிருந்து இதே வேலையைச் செய்.

நான்கு, ஐந்து, ஆறு... வடகரை எரிந்தது. தென்கரை எரிந்தது. கடைசியாக, ஆக உள்ளே இருந்த திட்டும் எரிந்தது. பன்னிரண்டு!

திட்டில் நின்ற திரையில், 'நாவல் மேட்டுப் பக்கம் இறங்குங்கள், முழங்கால் ஆழம்தான்' என்று எழுத்துகள் ஓடின. கொக்கு வெளியே பறந்து பார்த்துவிட்டு வந்தது. “மான்கள் கரையேறிவிட்டன! கடைசிக் குட்டியும் ஏறிவிட்டது!”

சற்று நேரத்தில் வெள்ளம் திட்டை மூழ்கடித்தபடி ஓடியது. அதன் வாயில் ஓர் உயிர்கூடச் சிக்கவில்லை.

மழை விட்டதும் பெரியநாயகி வேலாயியைத் துதிக்கையால் தூக்கித் தன் நெற்றியில் உட்கார வைத்தது. காடு முழுக்க ஊர்வலம்! குரங்குகள் கிளைகளை உலுக்கின, மயில்கள் அகவின. மான் குட்டிகள் யானையின் கால்களுக்கிடையே துள்ளி ஓடின. வேலாயி அவ்வளவு உயரத்திலிருந்து காட்டைப் பார்த்தது அன்றுதான்.

எல்லாருக்கும் பயன்படும் ஒன்றைத் தன் பிடியில் மட்டுமே வைத்திருப்பவன் ஆபத்தில் யாருக்கும் உதவமாட்டான். யாரையும் கெஞ்ச வைக்காமல் அது தானாகவே எல்லாரையும் சென்று சேர வழி செய்பவனே ஊரைக் காப்பாற்றுவான்.